கம்பளி போர்த்திய ஐஸ்

 

மீன் சந்தைக்குப் போகாதவர்கள் இங்கே அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். காலையில் அங்கே ஐஸ் வண்டி வந்து நிற்கும். நீளமான ஐஸ் பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்து இறக்குவார்கள். மீன் விற்கும் அம்மா அதில் ஒன்றை வாங்குவார். உடனே அதன் மேல் மரத்தூளைக் கொட்டுவார். மரத்தூள் இல்லாவிட்டால் உமி. அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடுவார். வேண்டும்போது மட்டும் சாக்கை விலக்கி, ஒரு துண்டு உடைத்து எடுப்பார். மறுபடியும் மூடிவிடுவார்.

பக்கத்தில் நிற்கும் சிறு பிள்ளை கேட்கும்: "சாக்கு போர்த்தினால் ஐஸுக்குச் சூடாக இருக்காதா?"

நல்ல கேள்வி. குளிர் காலத்தில் நாம் கம்பளி போர்த்திக்கொள்கிறோம். உடம்பு கதகதப்பாகிறது. அதே கம்பளியை ஐஸுக்குப் போர்த்தினால் அது சீக்கிரம் கரைய வேண்டும் அல்லவா? ஆனால் கரைவதில்லை. போர்த்தாத ஐஸ்தான் சீக்கிரம் கரைகிறது.

காரணம் இதுதான். கம்பளிக்கு என்று தனியாகச் சூடு கிடையாது. அடுப்புப் போல அது சூடு தருவதில்லை. அது ஒரு தடுப்பு. ஒரு பக்கத்துச் சூட்டை மறு பக்கம் எளிதில் போகவிடாது. அவ்வளவுதான் அதன் வேலை. நாம் போர்த்திக்கொண்டால், நம் உடம்பின் சூடு வெளியே போகாமல் தடுக்கிறது. ஐஸுக்குப் போர்த்தினால், வெளியில் இருக்கும் வெயில் சூடு உள்ளே போகாமல் தடுக்கிறது. கம்பளியின் இழைகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருக்கிறது. மரத்தூளிலும், உமியிலும், வைக்கோலிலும் அப்படித்தான். அசையாமல் அடைபட்ட காற்று, சூட்டை எளிதில் கடத்தாது.

இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு நம் நாட்டில் ஒரு காலத்தில் பெரிய வேலைகள் நடந்தன. அப்போது மின்சாரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஐஸ் தொழிற்சாலையும் இல்லை. ஆனாலும் கோடை வெயிலில் சிலர் ஐஸ் போட்ட தண்ணீர் குடித்தார்கள். அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது? அதை யார் காப்பாற்றி வைத்தார்கள்?

முதலில் அக்பர் காலத்துக்குப் போவோம்.

முகலாயப் பேரரசர் அக்பர் 1580களின் நடுவில் லாகூர் நகரத்தில் வந்து தங்கினார். லாகூர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அதற்கு வடக்கே பனி மலைகள் உண்டு. 1586 முதல் அந்த மலைகளிலிருந்து லாகூருக்குப் பனியும் ஐஸும் வந்தன. அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல் இதையெல்லாம் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அவர் கணக்கில் கெட்டிக்காரர். எந்தப் பொருள் என்ன விலை என்பதைக்கூட விடாமல் எழுதினார்.

ஐஸ் மூன்று வழிகளில் வந்தது. ஆற்றில் படகில் வந்தது. வண்டியில் வந்தது. மனிதர்கள் தலையில் சுமந்தும் வந்தது. ஐஸுக்கென்றே 10 படகுகள். அவற்றில் ஒன்று தினமும் நகரத்தை வந்தடையும். ஒவ்வொரு படகிலும் 4 படகோட்டிகள். தரை வழியில் 14 இடங்களில் குதிரைகளை மாற்றினார்கள். களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரையைப் பூட்ட வேண்டும். நின்று மூச்சு வாங்க நேரம் கிடையாது. ஏனென்றால் ஐஸ் காத்திருக்காது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோட்டும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் வாழும் மக்கள் ஐஸைச் சுமந்து வந்து குவியல் குவியலாக விற்றார்கள். ஒரு குவியலில் 25 முதல் 30 சேர் வரை இருக்கும். அதன் விலை 5 தாம். தாம் என்பது அந்தக் காலத்துச் செப்புக் காசு. 40 தாம் சேர்ந்தால் ஒரு ரூபாய். அப்படியானால் ஒரு ரூபாய்க்கு எத்தனை குவியல்? 8 குவியல். எத்தனை சேர்? 200 முதல் 240 சேர் வரை.

அதே ஐஸ் லாகூரில் என்ன விலை? ஒரு ரூபாய்க்கு 2 அல்லது 3 சேர்தான்.

மலையில் 200 சேருக்கு மேல். நகரத்தில் 3 சேர். நடுவில் இருந்தது எங்கே போனது? ஒரு பகுதி வழியில் கரைந்துபோனது. ஒரு பகுதி படகுக்கும் குதிரைக்கும் செலவானது. மிச்சம் வியாபாரிக்கு லாபம். வியாபாரிகளுக்கு நல்ல லாபம் கிடைத்தது என்று அபுல் ஃபசலே எழுதியிருக்கிறார். மலைக்காரர்கள் வெகு தூரம் சுமந்து வந்து கொடுத்தால் ஒரு குவியலுக்கு 24 தாம் வரை கிடைத்ததாம். அப்போதும் ஒரு ரூபாய்க்கு 40 சேருக்கு மேல் வருகிறது. பனியில் நடந்தவனுக்குக் கிடைத்தது காசு. நிழலில் உட்கார்ந்து விற்றவனுக்குக் கிடைத்தது ரூபாய். தக்காளி, வெங்காயம் விளைவிப்பவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அக்பரின் அரண்மனையில் தண்ணீரைக் குளிர வைக்க இன்னொரு வழியும் இருந்தது. அது வெடியுப்பு. துப்பாக்கி மருந்தில் போடுகிறார்களே, அதே உப்புதான். அதைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லென்று ஆகும். குடிநீர் உள்ள மூடிய பாத்திரத்தை அந்தக் கரைசலில் வைத்துக் கால் மணி நேரம் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்ந்துவிடும். ஆனால் இதனால் தண்ணீர்தான் குளிரும். ஐஸ் கிடைக்காது.

சரி. மலைக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மலை ஐஸ் கிடைத்தது. மலை இல்லாத ஊரில் என்ன செய்தார்கள்?

அலகாபாத் என்று ஒரு ஊர். கங்கையும் யமுனையும் சேருகிற இடம். 2018 முதல் அதற்குப் பிரயாக்ராஜ் என்று பெயர். அங்கே பனி பெய்யாது. ஆறும் குளமும் உறையாது. கோடையில் அனல் காற்று வீசும் ஊர் அது. அந்த ஊரில் வெறும் மண் தட்டையும் வைக்கோலையும் வைத்து மக்கள் ஐஸ் தயாரித்தார்கள். பொய் இல்லை. சர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயப் படைத் தளபதி இதை நேரில் பார்த்தார். 1775ல் லண்டனில் உள்ள அறிவியல் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். அங்கே இருந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அந்த வேலை எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

ஊருக்கு வெளியே திறந்த வெளியில் சதுரமான பள்ளம் வெட்டுவார்கள். நீளம் 30 அடி, அகலம் 30 அடி. ஆழம் 2 அடிதான். நம் வீட்டுத் திண்ணை உயரத்துக்குக் கொஞ்சம் கூட. பள்ளத்தின் அடியில் காய்ந்த கரும்புத் தட்டையும் மக்காச்சோளத் தட்டையும் பரப்புவார்கள். ஒரு சாண் அளவுக்கு, சில இடங்களில் ஒரு அடி உயரத்துக்கு, மெத்தை போலப் போடுவார்கள். அதன் மேல் சின்னச் சின்ன மண் தட்டுகளை வரிசையாக, நெருக்கமாக அடுக்குவார்கள். அவை சுட்ட மண் தட்டுகள். மெருகு பூசாதவை. கால் அங்குல கனம். ஒன்றேகால் அங்குல ஆழம். அகல் விளக்கைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை முதலில் கொதிக்க வைத்து ஆற வைப்பார்கள். இருட்டும் நேரத்தில் அந்தத் தண்ணீரைத் தட்டுகளில் ஊற்றுவார்கள். பிறகு காத்திருக்க வேண்டியதுதான்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. இந்த மூன்று மாதங்களில்தான் இது நடக்கும். அதிலும் எல்லா ராத்திரியிலும் நடக்காது. வானம் தெளிவாக இருக்க வேண்டும். நட்சத்திரம் பளிச்சென்று தெரிய வேண்டும். காற்று அசையக் கூடாது. மேகம் வந்தால் ஐஸ் இல்லை. காற்று அடித்தாலும் ஐஸ் இல்லை. அன்றைய உழைப்பு வீண்.

ஏன் அப்படி? மறுபடியும் நம் கம்பளிக்கே வருவோம். பகல் முழுவதும் பூமி வெயிலில் சூடாகிறது. ராத்திரியில் அந்தச் சூடு மேலே வானத்தை நோக்கிப் போய்விடுகிறது. மேகம் இருந்தால் அது பூமிக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. சூட்டைத் தடுத்து நிறுத்தும். அதனால்தான் மேகம் மூடிய ராத்திரி புழுக்கமாக இருக்கிறது. மேகம் இல்லாத மார்கழி ராத்திரியில் நடுக்குகிறது. மேகம் இல்லாவிட்டால் தட்டில் உள்ள தண்ணீரும் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிரும்.

அடியில் போட்ட தட்டை எதற்கு? பூமிக்குள் இருக்கும் சூடு கீழிருந்து தட்டுக்கு ஏறாமல் தடுக்க. தட்டு ஏன் மண் தட்டு? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பானையின் நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. இங்கேயும் அதே வேலைதான். காற்று ஏன் வீசக் கூடாது? வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றைத் தட்டின் மேல் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இதில் ஒரு பொருளாவது விலை உயர்ந்ததா? மண், தட்டை, தண்ணீர். மாட்டுக்குப் போடுகிற பொருளை வைத்து, வானத்தோடு பேரம் பேசி, ஐஸ் வாங்கினார்கள். இதைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் எழுதத் தெரிந்தவராக இருந்திருந்தால், லண்டனுக்குக் கடிதம் எழுத வேறு ஒருவர் தேவைப்பட்டிருக்காது.

சூரியன் உதிக்கும் முன்னால் ஐஸை எடுத்துவிட வேண்டும். ஃபேனி பார்க்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1820களின் கடைசியிலும் 1830களிலும் அலகாபாதில் வாழ்ந்தார். அவரும் இந்த ஐஸ் வயலைப் பார்த்து எழுதியிருக்கிறார். மேற்பார்வையாளர் விழித்திருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஐஸ் போதிய அளவு கட்டியானதும் தமுக்கு அடிப்பார். சத்தம் கேட்டதும் கடைத்தெரு மக்கள் எழுந்து ஓடி வருவார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று சில நூறு பேர். எல்லோரும் கறுப்புக் கம்பளியைப் போர்த்தியிருப்பார்கள். இருட்டில் அவர்கள் பேய்களைப் போலத் தெரிந்தார்களாம்.

பேய்கள் அல்ல, கூலிக்காரர்கள். குழந்தையையும் எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள். அந்தக் குளிரில், உறையும் தட்டுக்குள் விரலை விட்டு, ஐஸைச் சுரண்டி எடுக்க வேண்டும். கூடையில் நிரப்பி ஓட வேண்டும். தண்ணீரே உறையும் நேரத்தில் அந்த விரல்கள் என்ன பாடுபட்டிருக்கும்!

ஐஸ் தயாரிப்பது பாதி வேலைதான். அதைக் கோடை வரை காப்பாற்றுவது மீதி வேலை. ஜனவரியில் கிடைத்த ஐஸ் மே மாதத்தில் வேண்டும். நடுவில் நான்கு மாதம்.

அதற்கு ஒரு ஆழமான குழி. 14, 15 அடி ஆழம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். குழியின் உள்ளே முதலில் வைக்கோல் பரப்புவார்கள். அதன் மேல் முரட்டுக் கம்பளி விரிப்பார்கள். கூடை கூடையாக ஐஸைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கொட்டியதைத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். மெல்லிய சில்லு சில்லான ஐஸ் எல்லாம் ஒன்றாக இறுகி, ஒரே பாறையாகிவிடும். கடைசியில் குழியின் வாயை வைக்கோலால் அடைப்பார்கள். மேலே கூரை வேய்ந்துவிடுவார்கள்.

ஏன் இடித்து இறுக்க வேண்டும்? ஒரு வெல்லக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுசாக வைத்தால் வெளிப்புறத்தில் மட்டும்தான் எறும்பு மொய்க்கும். அதையே தூளாக்கிப் பரப்பி வைத்தால்? எல்லாப் பக்கமும் எறும்புதான். சூடும் எறும்பு மாதிரி. வெளியே தெரிகிற இடத்தில்தான் அது முதலில் வந்து ஒட்டும். ஐஸ் பெரிய பாளமாக இருந்தால், உள்ளே இருக்கும் பகுதிக்குச் சூடு போய்ச் சேர வெகு நாள் ஆகும்.

இன்னொரு விஷயமும் ஐஸைக் காப்பாற்றுகிறது. ஐஸ் கரைவதற்கு ஏராளமான சூடு வேண்டும். ஒரு கிலோ ஐஸ் முழுவதும் கரைந்து தண்ணீராக எவ்வளவு சூடு வேண்டும் தெரியுமா? அதே சூட்டைக் கொண்டு, ஐஸ் போலச் சில்லென்று இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். ஆவி பறக்கும் தண்ணீர் அது. அவ்வளவு சூடும் வைக்கோலையும் கம்பளியையும் தாண்டி உள்ளே வர வேண்டும். அதனால்தான் ஐஸ் கோடை வரை தாங்கியது.

வங்காளத்தில் ஹூக்ளி ஊர்ப் பக்கத்திலும் இதே முறையில் ஐஸ் தயாரித்தார்கள். அது கல்கத்தாவுக்குப் போனது. கல்கத்தாவின் இன்றைய பெயர் கொல்கத்தா. ஆனால் அங்கே அலகாபாத் அளவுக்குக் குளிர் இல்லை. ஐஸ் சகதி போலக் குழைவாக இருந்தது.

இப்படி இருக்கும்போது 1833ல் ஒரு கப்பல் வந்தது.

அமெரிக்காவில் பாஸ்டன் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே குளிர் காலத்தில் ஏரிகள் உறைந்து பாறையாகிவிடும். மாட்டு வண்டியே அதன் மேல் போகலாம். அந்த ஊர்க்காரர் ஃப்ரெடரிக் டூடர். ஏரியில் சும்மா கிடக்கும் ஐஸை வெட்டி, வெயில் நாடுகளுக்குக் கொண்டுபோய் விற்கலாமே என்று நினைத்தார். 1806ல் மார்டினிக் என்ற தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம் வந்தது. கடனைக் கட்ட முடியாமல் சிறைக்கும் போனார். அப்போதும் விடவில்லை.

அவர் பல பொருள்களைப் போட்டுப் பார்த்து, எது ஐஸை நன்றாகக் காக்கிறது என்று சோதித்தார். கடைசியில் கிடைத்தது மரத்தூள். மர அறுவை ஆலைகளில் மலை போலக் குவிந்து கிடந்த குப்பை அது. அவரோடு சேர்ந்த நத்தானியல் வையத் என்பவர், குதிரை இழுக்கும் ஒரு கலப்பை செய்தார். நிலத்தை உழுவது போல, உறைந்த ஏரியை அது உழுதது. குறுக்கும் நெடுக்குமாக உழுதால் ஒரே அளவில் சதுரப் பாளங்கள் கிடைத்தன. ஒரே அளவில் இருந்ததால், செங்கல் போல இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது. இடைவெளி இல்லாவிட்டால் சூடு நுழைய வழி இல்லை. எறும்பு நுழைய முடியாத வெல்ல மூட்டை!

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் பாஸ்டனில் இருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதில் 180 டன் ஐஸ். பாய்மரக் கப்பல். காற்று அடித்தால்தான் நகரும். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். பூமியின் நடுக்கோட்டை இரண்டு முறை கடக்க வேண்டும். வெயில் உச்சந்தலையைப் பிளக்கும் கடல் அது. நான்கு மாதப் பயணம். செப்டம்பரில் கப்பல் கல்கத்தா வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால் ஏறக்குறைய 100 டன் ஐஸ் அப்படியே இருந்தது!

80 டன் கரைந்துபோனது உண்மைதான். ஆனால் 100 டன் பிழைத்தது. மரத்தூளும் வைக்கோலும் காத்துக் கொடுத்தன.

கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்களுக்குக் கொண்டாட்டம். அரசு அந்த ஐஸுக்குச் சுங்க வரி போடவில்லை. சாதாரணமாகப் பகலில்தான் சரக்கு இறக்க வேண்டும். ஐஸை மட்டும் ராத்திரி குளிர்ச்சியில் இறக்கிக்கொள்ள அனுமதி கொடுத்தது. தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க், ஐஸ் கொண்டுவந்த முகவருக்கு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார். ஊரில் இருந்தவர்கள் பணம் வசூலித்து ஐஸ் கிடங்கு கட்டிக் கொடுத்தார்கள். இதே அரசு, நம் நெசவாளர்களின் துணிக்கு என்ன சலுகை கொடுத்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

அடுத்து பம்பாய், சென்னை நகரங்களுக்கும் அமெரிக்க ஐஸ் வந்தது. 1834ல் பம்பாயில் பெரும் செல்வந்தரான ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஒரு விருந்தில் ஐஸ்கிரீம் பரிமாறினார். மறுநாள் அவருக்கும் விருந்தாளிகள் சிலருக்கும் ஜலதோஷம். பம்பாய் சமாச்சார் பத்திரிகை அதையும் செய்தியாகப் போட்டுவிட்டது.

சென்னையில் கடற்கரை ஓரமாக 1842ல் ஐஸ் கிடங்கு கட்டப்பட்டது. வட்ட வடிவச் சுவரோடு இன்றும் அது நிற்கிறது. ஐஸ் வியாபாரம் நின்ற பிறகு, பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கி வீடாக்கினார். 1897ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்பலட்சுமி அங்கே இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். சிறு வயதிலேயே கணவனை இழந்த பெண்கள் அங்கே தங்கிப் படித்து ஆசிரியைகளானார்கள். இப்போது அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் ஊர் வாயில் அந்த வட்டாரம் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்'தான்.

ஐஸ் கிடங்கு எப்படி இருக்க வேண்டும் என்று டூடர் பல வருஷம் யோசித்திருக்கிறார். சுவருக்குள் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் மரத்தூள் போன்ற பொருள். கரைந்த தண்ணீர் தேங்காமல் ஓட வடிகால். தண்ணீரில் ஊறிக் கிடக்கும் ஐஸ் வேகமாகக் கரைந்துவிடும். மீன் பெட்டியின் அடியில் ஓட்டை போடுகிறார்களே, அதுவும் இதற்காகத்தான். கதவை அடிக்கடி திறக்கக் கூடாது. அலகாபாதில் ஐஸ் குழியைக் காத்தவர்களும் இவ்வளவையும் அறிந்தவர்கள்தான்.

அமெரிக்க ஐஸ் யாருக்குக் கிடைத்தது? ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. வசதி படைத்த இந்தியருக்குக் கிடைத்தது. கடும் காய்ச்சல் கண்டவர்களின் தலையில் வைக்க மருத்துவர்கள் கேட்டு வாங்கினார்கள். அந்த ஐஸால் சூடு தணிந்தவர்களும் உண்டு. கப்பலிலிருந்து அதை இறக்கிச் சுமந்த கூலிகளுக்கோ, தோளில் சொட்டிய தண்ணீர்தான் மிச்சம்.

ஹூக்ளி ஐஸ் என்ன ஆனது? அமெரிக்க ஐஸ் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பாறை போலக் கெட்டியாக இருந்தது. ஹூக்ளியின் குழைவான ஐஸ் கல்கத்தாவில் அதோடு போட்டி போட முடியவில்லை. குளிர் கால ராத்திரிகளில் தட்டு அடுக்கிக் கூலி வாங்கியவர்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை.

அமெரிக்க ஐஸின் கதையும் நீளவில்லை. டூடர் 1864ல் இறந்தார். 1870களில் நீராவி இயந்திரத்தைக் கொண்டு ஐஸ் செய்யும் தொழிற்சாலைகள் வந்தன. 1874ல் சென்னையில், 1878ல் கல்கத்தாவில். உள்ளூரிலேயே ஐஸ் கிடைக்கும்போது, நான்கு மாதம் கடலில் வந்த ஐஸ் எதற்கு? கப்பல்கள் நின்றுபோயின.

ஐஸ் செய்யும் முறை மாறிவிட்டது. ஐஸைக் காக்கும் முறை மாறவில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால், தடுப்பூசி போடும் நாளில் உங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு சின்னப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். நீலமாகவோ வெள்ளையாகவோ இருக்கும். அதன் சுவர் கனமாக இருக்கும். உள்ளே, சின்னச் சின்னக் காற்றறைகள் நிறைந்த நுரைப் பொருள் அடைத்திருப்பார்கள். அந்த நுரைதான் இன்றைய மரத்தூள். பெட்டிக்குள் நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பொதிகள். நடுவில் தடுப்பு மருந்துக் குப்பிகள். மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவிலான குளிரில் இருக்க வேண்டும். சூடு ஏறினால் மருந்தின் சக்தி போய்விடும். ஊசி போட்டது போல இருக்கும், பயன் இருக்காது.

அதிகம் குளிர்ந்தாலும் ஆபத்துதான். சில தடுப்பு மருந்துகள் உறைந்தால் கெட்டுவிடும். அதனால் உறைந்த ஐஸ் பொதியை அப்படியே உள்ளே வைக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் வெளியே வைப்பார்கள். மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். அப்புறம்தான் பெட்டியில் வைப்பார்கள். இதற்காகச் செவிலியர் கொஞ்சம் தாமதமாக வந்தால் கோபிக்காதீர்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லியும் கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு உள்ளே புகும்.

இந்தப் பெட்டியோடு பல லட்சம் பேர் நம் நாட்டில் நடந்தார்கள். ஆற்றைக் கடந்தார்கள், மலை ஏறினார்கள். மேற்கு வங்கத்தில் 2011 ஜனவரியில் ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் வந்த கடைசி நோய் அதுதான். 2014 மார்ச்சில், போலியோ இல்லாத பகுதி என்று இந்தியாவுக்கும் அண்டை நாடுகள் சிலவற்றுக்கும் சான்று கிடைத்தது. சொட்டு மருந்து வெயிலில் கெடாமல் குழந்தையின் வாய்வரை போய்ச் சேர்ந்ததால் கிடைத்த சான்று அது.

போகும் முன் ஒரு எச்சரிக்கை. மீனுக்குப் போடும் ஐஸைச் சர்பத்தில் போட்டுக் குடிக்காதீர்கள். அது குடிநீரில் செய்ததாக இருக்காது. அழுக்குத் தண்ணீரை உறைய வைத்தால் கிருமிகள் எல்லாம் செத்துவிடாது. அலகாபாத் ஐஸ்காரர்கள் தட்டில் ஊற்றும் முன் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவில் மூன்று ஐஸ் துண்டுகள் வாங்குங்கள். ஒன்றைச் சும்மா தட்டில் வையுங்கள். ஒன்றைக் கம்பளித் துணியில் சுற்றி வையுங்கள். மற்றொன்றை ஒரு கிண்ணத்தில் உமிக்குள் புதைத்து வையுங்கள். மூன்றும் நிழலில், ஒரே இடத்தில் இருக்கட்டும். வைத்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். கால் மணிக்கு ஒரு முறை பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எது எப்போது கரைந்து முடிந்தது என்று அவர்கள் சொல்ல, நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். அடுத்த வாரம் மையத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். யார் வீட்டு உமி அதிக நேரம் காத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.